பெட்டி மாறினா தாளம் மாறுமா?

கீபோர்டு வாசிக்கிறவங்க ரெண்டு பேர் டீக்கடையில உட்கார்ந்தா, அஞ்சாவது நிமிஷம் ஒரு சண்டை வந்தே தீரும். யமஹாவா, கோர்க்கா? ரஜினியா கமலா, ராஜாவா ரஹ்மானா மாதிரி தீர்ப்பே வராத பட்டிமன்றம் இது. (நடுவுல ஒருத்தர் "ரோலண்டு..."ன்னு ஆரம்பிப்பார். அவரை யாரும் கண்டுக்க மாட்டாங்க. பாவம்.)

நான் பத்து வருஷமா யமஹா கட்சி. போன வருஷம் கோர்க் கட்சிக்குத் தாவிட்டேன். அதனால இது 'எது பெஸ்ட்' பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். கட்சி மாறும்போது கூட எதையெல்லாம் தூக்கிட்டுப் போக முடிஞ்சது, எதெல்லாம் வாசல்லயே நின்னுடுச்சுன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. கீபோர்டே தொடாதவங்களும் படிக்கலாம். ஏன்னா கடைசியில இது கீபோர்டு விஷயம் மட்டும் இல்லைன்னு எனக்குத் தோணுது.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிக் குதிச்சிடுங்க.

எங்க ஆரணிப் பக்கம் கட்டை வெச்ச எல்லா கரண்ட் பெட்டிக்கும் பேரு 'கேசியோ'தான். 1980-ல கேசியோடோன் 201 வந்ததுலேர்ந்து அந்தக் கம்பெனி பேரே சாமானுக்குப் பேராயிடுச்சு, ஜெராக்ஸ் மாதிரி. ஆனா பெட்டிகள்ல வகை உண்டு. சிந்தசைசர்னா விதவிதமான ஒலி தரும், வாசிக்க வேண்டியது முழுக்க நீங்கதான். அரேஞ்சர் வேற ஜாதி. இடது கையில ஒரு கார்டு பிடிச்சா போதும், டிரம்ஸ், பேஸ் கிடார், ஸ்ட்ரிங்ஸ்னு ஒரு குழுவே உள்ளேர்ந்து கூட வாசிக்கும். சி மேஜர்லேர்ந்து எஃப் மைனருக்குக் கையை மாத்தினா மொத்தக் குழுவும் பின்னாலயே மாறி வரும். வலது கை பாட்டு வாசிக்கும். அந்த உள்குழு வாசிக்கிறதுக்கான கட்டளைத் தொகுப்புக்குத்தான் 'ஸ்டைல்'னு பேரு. ஒரு ஸ்டைலுக்குள்ள ஆரம்பம், நாலு விதமான நடை, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போக 'ஃபில்', முடிவு எல்லாம் இருக்கும்.

கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊத்தற திருவிழா, இதுங்களுக்குப் பதினஞ்சு பேர் ஆர்கெஸ்ட்ரா வைக்க எல்லாராலயும் முடியாது. ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, ரெண்டு பாடகர். முடிஞ்சது குழு. அப்போ கீபோர்டுக்காரரோட சொத்து பெட்டி இல்லை. அதுக்குள்ள அவர் சேர்த்து வெச்சிருக்கிற ஸ்டைல்கள்தான்.

எனக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தவரை ஊர்ல எல்லாரும் 'மாஸ்டர்'ம்பாங்க, நானும் அப்படியே சொல்றேன். சின்ன வயசுல தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவர். அப்புறம் கேசியோ. அப்புறம் கடன் வாங்கி யமஹா பி.எஸ்.ஆர்-2000. 2001-ல வந்த மாடல், ஃபிளாப்பி போடற காலம். அதுல உட்கார்ந்து ராத்திரி ராத்திரியா அவரே ஸ்டைல் செய்வார். பெட்டியோட வந்த பாலட், டிஸ்கோ, போல்காவெல்லாம் ரிசப்ஷனுக்கு ஆகும். அம்மன் பாட்டுக்கு எங்க போறது? படவேடு ரேணுகாம்பாள் பாட்டுக்குப் போல்காவா போட முடியும்?

அப்படி அவர் இருபது வருஷத்துல செஞ்சது 63 ஸ்டைல். (நாயன்மார் கணக்கு.) அவருக்கு வாதம் வந்து இடது கை சரியா வராமப் போனப்போ, எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டு எங்கிட்ட கொடுத்தார். "வெச்சிக்கோ தம்பி, இனிமே எனக்கு இன்னாத்துக்கு"ன்னார். என்னோட யமஹா பி.எஸ்.ஆர்-எஸ்670 அந்த ஃபைல்களைக் கேள்வி கேட்காம எடுத்துக்கிச்சு. இதை யமஹாவுக்குப் பெருமையாவே சொல்லணும். 2001 பெட்டியில செஞ்ச ஸ்டைல் 2015-ல வந்த பெட்டியில அப்படியே ஓடுது. ஒரே வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் சொத்து பத்திரம்.

அப்புறம் ஏன்டா மாறினேன்னா, பழைய பெட்டியில ஒரு குறையும் இல்லை. என் மாமா பையன் ஆரணியில ஒரு குழு நடத்தறான். நான் லீவுல ஊருக்குப் போறப்போ அவனோட வாசிப்பேன். அவன்கிட்ட இருக்கிறது கோர்க் பிஏ700. ரெண்டு பேரும் ஒரே பெட்டி வெச்சிருந்தா, அவன் செட்டிங்கை நானும் என் செட்டிங்கை அவனும் பென் டிரைவ்ல மாத்திக்கலாம். எனக்கு முடியாத அன்னிக்கு அவன், அவனுக்கு முடியாத அன்னிக்கு நான். இன்னொரு ஆசையும் இருந்துச்சு. அந்தப் பெட்டியில நாமே பதிவு பண்ண ஒலியை ஏத்தி சொந்தமா டிரம் கிட் கட்டலாம். (யமஹாவுலயும் மேல்நிலை மாடல்கள்ல எக்ஸ்பான்ஷன் பேக் வழியா இது முடியும். சண்டைக்கு வராதீங்க.)

பெட்டி வந்துச்சு. பென் டிரைவைச் சொருகினேன். இங்கதான் கதை ஆரம்பிக்குது.

யமஹா ஸ்டைல் ஃபைலுக்கு வால்பெயர் எஸ்.டி.ஒய். கோர்க் ஸ்டைலுக்கும் வால்பெயர் எஸ்.டி.ஒய்தான்! ஆனா உள்ள இருக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கிற மாதிரி. கூப்பிட்டா திரும்பிப் பார்க்கும், பேசினா புரியாது.

நம்ம பதிவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. யூனிகோடுக்கு முந்தின காலத்துத் தமிழ் இணையம் ஞாபகம் இருக்கா? டிஸ்கி, டாப், டாம், அதுக்கு மேல ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. தமிழ்னு எழுதினதைத் திறந்தா குறுக்கும் நெடுக்குமா புள்ளியும் கொம்புமா வரும். பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள்ல போட்டு மாத்தித்தான் படிக்கணும். தமிழக அரசே யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010-லதான். எழுத்துக்கு அந்த ஒரு தீர்வு வந்துச்சு. ஸ்டைலுக்கு இன்னும் வரலை. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி எழுத்துரு.

சரி, நாமதான் பொட்டி தட்டுறவங்களாச்சே, விட்ருவோமா. யமஹா ஸ்டைல் ஃபைலைப் பிரிச்சுப் பார்த்தா, முதல் பாதி சுத்தமான மிடி. 1983-லேர்ந்து எல்லாக் கம்பெனிப் பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற பொது மொழி. எந்தக் கட்டை, எப்போ, எவ்வளவு அழுத்தம், அவ்வளவுதான் அதுல இருக்கும். ரெண்டாவது பாதியிலதான் யமஹாவோட சொந்தச் சரக்கு. வழக்கமா சி மேஜர் 7-ல பதிவு பண்ண பேஸையும் கிடாரையும், நீங்க பிடிக்கிற கார்டுக்குத் தகுந்த மாதிரி எப்படி மாத்தணும்ங்கிற விதிகள். முதல் பாதியை மட்டும் பிரிச்சு எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் கோர்க் கேட்கிற குறிப்பெயரை வெச்சா, அது உள்ள வாங்கிக்கும். விதிகளை நாம திரும்ப எழுதணும்.

முதல் ஸ்டைலை அப்படியே ஏத்தி ஸ்டார்ட் அமுக்கினதும் வந்த சத்தத்தைக் கேட்டு அம்மா அடுப்படியிலேர்ந்து ஓடி வந்துட்டாங்க. யமஹாவுல 9-ஆம், 10-ஆம் சேனல் தாளத்துக்கு, 11 பேஸுக்கு. கோர்க்ல 9 பேஸுக்கு, 10-உம் 11-உம் தாளத்துக்கு. ஆக, மாஸ்டரோட உடுக்கை அடியெல்லாம் பேஸ் கிடார்ல 'டொய்ங் டொய்ங்'னு வருது, பேஸ் வாசிக்க வேண்டியதெல்லாம் சிங்கியும் தம்பட்டமுமா வருது. காளி வேஷம் கட்டினவர் சைக்கிள்லேர்ந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

சேனலை மாத்தறது பெரிய வேலை இல்லை. பத்து வரி ஸ்கிரிப்ட், வேலை முடிஞ்சது. பேஸ் வந்துச்சு. ஸ்ட்ரிங்ஸ் வந்துச்சு. டிஸ்கோ, வால்ட்ஸ், ராக் வகையெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே வந்துடுச்சு. வராதது எதுன்னு கேளுங்க. நம்ம தாளம்.

காரணம் இதுதான். 1991-ல 'ஜெனரல் மிடி'ன்னு ஒரு பொது அட்டவணை போட்டாங்க. 36-ஆம் கட்டைன்னா கிக் டிரம், 38 ஸ்நேர், 42 மூடின ஹை-ஹேட். எந்தக் கம்பெனிப் பெட்டியா இருந்தாலும் இதுதான். 35-லேர்ந்து 81 வரைக்கும் மொத்தம் 47 தாள ஒலிக்கு இடம் ஒதுக்கியிருக்காங்க. பாங்கோ இருக்கு, காங்கா இருக்கு, பிரேசில் நாட்டு குயிக்காவுக்கு ரெண்டு இடம் இருக்கு. தபேலா கிடையாது. மிருதங்கம் கிடையாது. தவில், பம்பை, உடுக்கையைப் பத்திப் பேச்சே இல்லை. மெட்டு வாசிக்கிற கருவிப் பட்டியல்ல 128 பேர். அதுல சித்தாருக்கும் ஷெனாய்க்கும் இடம் கிடைச்சுது, நாதஸ்வரத்துக்குக் கிடைக்கலை.

அதனால ஒவ்வொரு கம்பெனியும் நம்மளுக்குன்னு 'இந்தியன் கிட்' வைக்கிறப்போ, எந்தக் கட்டையில எந்த அடிங்கிறது அவங்கவங்க இஷ்டம். ஒருத்தர் வீட்ல தபேலா 'தா' இருக்கிற இடத்துல இன்னொருத்தர் வீட்ல டோலக் இருக்கும், இல்லைன்னா வெறும் விசில் இருக்கும். போதாக்குறைக்கு, யமஹாவோட 'மெகாவாய்ஸ்' கிடார்ல, கட்டையை எவ்வளவு அழுத்தறோம்ங்கிறதை வெச்சு மீட்டலா, தேய்ப்பா, தட்டலான்னு ஒலியே மாறும். வேற பெட்டிக்குப் போனா அந்தக் கணக்கும் போச்சு.

இது எனக்குப் பெரிய அடி. வெள்ளைக்காரன் தாளம் வாசிக்கிறவன் கம்பெனி மாறினா, ஒரு சனி ஞாயிறுல வேலை முடிஞ்சுடும். நாம மாறினா, நம்ம தாளம் மட்டும் பழைய வீட்லயே தங்கிடும். பொது அட்டவணையில பேர் இல்லாதவன்தான் வீடு மாறும்போது எல்லாத்தையும் இழக்கிறான்.

இந்த வருத்தத்தோட பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா நெசவாளர். ஆரணின்னா பட்டும் அரிசியும்தானே. அவர் வீட்டுக் கூடத்துல தறி, தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி, அதுலேர்ந்து மாலை மாதிரி தொங்குற ஓட்டை போட்ட அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. அட்டையில ஓட்டை இருக்கிற இடத்துல கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாத இடத்துல தூக்காது. நாடா குறுக்கே ஓடும். அட்டை நகரும். இப்படியே சேலைக் கரையில மயில் வரும், மாங்காய் வரும். பிரான்சுல லியோன் நகரத்துக்காரர் ஜக்கார்டு 1804-ல செஞ்ச ஏற்பாடு. 1839-ல அந்த ஊர்ல ஜக்கார்டோட உருவத்தையே பட்டுல நெய்தாங்க, அதுக்கு 24,000 அட்டை ஆச்சு. அதுல ஒரு படத்தை வாங்கி வெச்சிருந்தவர்தான் நம்ம கம்ப்யூட்டருக்கெல்லாம் தாத்தாவான சார்லஸ் பாபேஜ். இஞ்சினியரிங் முதல் வருஷம் வாத்தியார் இதைச் சொன்னப்போ, "சார், அது எங்க பெரியப்பா வீட்ல இருக்கு"ன்னு கத்தணும் போல இருந்துச்சு :-)

யோசிச்சுப் பார்த்தா அரேஞ்சரும் தறிதான். ஸ்டைல்தான் அட்டை. நீங்க பிடிக்கிற கார்டுதான் ஊடையோட நிறம். நிறம் மாறும், பூ மாறாது.

பெரியப்பாகிட்ட என் கஷ்டத்தைச் சொன்னேன். வேற பெட்டி வாங்கினேன், பழைய அட்டை எதுவும் புதுப் பெட்டியில ஏற மாட்டேங்குதுன்னு. அவர் தறியை நிறுத்தக்கூட இல்லை.

"120 கொக்கி பெட்டியில ஓட்ன அட்டை 240-ல ஏறுமா? ஏறாது. எங்களுக்கு எத்தினி தபா ஆயிருக்கு. அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? கிராப்பு வெச்சிருக்கியா, அத்தச் சொல்லு."

"கிராப்பா?"

"அட்டைய பார்த்தா அட்டை அடிப்பாங்க? கிராப்புத் தாளைப் பார்த்துதான்டா அடிப்பாங்க. தாள் கீதுன்னா எந்தப் பெட்டிக்கும் புது அட்டை அடிச்சுக்கலாம். இப்ப கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்துச்சே, அதுக்கும் அதே தாள்தான். தாளைத் தொலைச்சவந்தான் தொலைஞ்சான்."

டிசைனரோட கட்டம் போட்ட தாள். அதுல ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் அடிச்சு வெச்சிருப்பாங்க. அது எந்தத் தறிக்கும் சொந்தமில்லை. பூவோட கணக்கு அது.

மாஸ்டர்கிட்ட கிராஃப் இருக்கான்னு கேட்கப் போனேன். போறதுக்குக் கொஞ்சம் தயக்கம்தான். அவர் கொடுத்த சொத்தை வேற பெட்டிக்கு மாத்தறேன்னு எப்படிச் சொல்றது? நேராவே சொன்னேன். அவர் கோவிச்சுக்கலை. "நானே ஆர்மோனியத்துலேர்ந்து கேசியோவுக்குப் போனவன். எங்க வாத்தியார் ஆறு மாசம் எங்கூடப் பேசலை"ன்னு சிரிச்சார். அப்புறம் மூத்த மகளைக் கூப்பிட்டு பரண்லேர்ந்து ஒரு நோட்டை எடுக்கச் சொன்னார்.

நாற்பது பக்க நோட்டு. கட்டம் போட்டிருக்கு! ஒவ்வொரு கட்டத்துலயும் அவர் பாஷையில தாளச் சொல். எந்த அடி கனம், எது மெலிசுன்னு கீழே ஒரு கோடு, ரெண்டு கோடு. பெரியப்பா சொன்ன தாள் இதுதான். 63-ல முப்பதுக்கு மேல இதுல இருந்துச்சு.

ஆனா நோட்டைப் பார்த்துக் கட்டின பம்பை நடை உயிரில்லாம இருந்துச்சு. கணக்கு சரி, அடி சரி, ஆனா அரசாங்க அறிவிப்பு மாதிரி ஒரு வறட்சி. பழைய யமஹாவுல அதே ஸ்டைலைப் போட்டா உடம்பு தானா ஆடுது. என்ன வித்தியாசம்னு ரெண்டு மிடியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். மாஸ்டரோட ஃபைல்ல மூணாவது அடி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்தங்கி விழுது. ஒரு அடியை 480 துண்டாக்கினா அதுல பதினஞ்சு, இருபது துண்டு லேட். அந்த வேகத்துல நொடியில ஐம்பதுல ஒரு பங்கு. அழுத்தமும் ஒவ்வொரு சுத்துக்கும் வேற. ஒரு எண்ணுகூட திரும்ப வரலை.

"இது மெஷின் வாசிச்ச மாதிரி இல்லையே மாஸ்டர், குவான்டைஸ் பண்ணலையா?"ன்னு கேட்டேன். எல்லா அடியையும் கோட்டுக்கு இழுத்து நேராக்கற வசதிக்கு அப்படிப் பேரு.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். அது அவர் வாசிச்சது இல்லை. கூத்துல அவரோட இருந்த ஒரு பம்பைக்காரர், அவரைப் பெட்டி முன்னால உட்கார வெச்சு, ரெண்டு விரலால கட்டையில அடிக்கச் சொல்லியிருக்கார். "எப்படிப்பா, தோலே இல்லாம அடிக்கிறது"ன்னு அவர் முதல்ல வெட்கப்பட்டாராம். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க அடிச்சிருக்கார். "என்னை இந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டு, நாளைக்கு என்னை வெளிய அனுப்பப் போறியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாராம். "அவன் சொன்னது சரிதான் தம்பி. ரெண்டு மூணு கச்சேரிக்கு அவனைக் கூப்பிடாம நான் பெட்டியை வெச்சே முடிச்சிருக்கேன்"னார் மாஸ்டர். அந்தப் பம்பைக்காரர் 2021-ல, கொரோனா ரெண்டாவது அலையில போயிட்டார். அவர் வாசிச்ச பதிவு வேற எதுவும் இல்லை. ஆடியோ இல்லை, வீடியோ இல்லை. இருக்கிறது இந்த எண்கள்தான். எந்த நேரம், எவ்வளவு அழுத்தம்.

அதாவது நான் மூணு வாரமா 'ஃபைல் கன்வெர்ஷன்'னு பேர் வெச்சிருந்த சமாச்சாரத்துக்குள்ள ஒரு மனுஷனோட கை இருந்துச்சு.

அதுக்கப்புறம் வேலையோட முறையே மாறிடுச்சு. 63-ஐயும் மாத்தணும்ங்கிற வெறி போயிடுச்சு. சினிமாப் பாட்டு டிஸ்கோ, வால்ட்ஸ், பாங்ராவுக்கெல்லாம் கோர்க்ல இருக்கிறதே போதும். அதெல்லாம் கடையில கிடைக்கிற சரக்கு. கடையில கிடைக்காதது எத்தனைன்னு எண்ணினேன். பதினொண்ணு. பம்பை நடை மூணு, உடுக்கை ஒண்ணு, கூத்து அடவு நடை நாலு, கும்மி ரெண்டு, ஒரு தாலாட்டு. இதுங்களை மட்டும் தை மாசத்துலேர்ந்து ஆடி வரைக்கும் சனி ஞாயிறு உட்கார்ந்து மாத்தினேன். பூவுக்கு நோட்டு. கைக்கு மிடி, ஒரு துண்டுகூட நகர்த்தலை. ஒலிக்கு? செய்யாறு பக்கம் ஒரு கோயில்ல பம்பை வாசிக்கிற தம்பி ஒருத்தனைப் பிடிச்சு, பேசின கூலியைக் கொடுத்து, ஒவ்வொரு அடியா பதிவு பண்ணி, சொந்தமா ஒரு கிட் கட்டினேன். மாஸ்டரோட பழைய ஸ்டைல்ல பம்பைன்னு ஒலிச்சது உண்மையில காங்காவும் டாமும் சேர்ந்த ஒப்புக்குச் சப்பாணி. புதுப் பெட்டியில பழைய கை, முதல் தடவையா உண்மையான தோல் மேல விழுது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் மாறணும், பேசாம ஒரே கம்பெனியில இருந்துடலாமேன்னு கேட்கலாம். இருக்கலாம். ஆனா நாம இருந்தாலும் கம்பெனி இருக்கணுமே. டெக்னிக்ஸ் கே.என். வரிசைன்னு ஒரு காலத்துல அரேஞ்சர்ல ராஜா. 2002-ல கே.என்.7000 வந்துச்சு, அப்புறம் கொஞ்ச காலத்துல அந்த வரிசையே இல்லாமப் போச்சு. ரோலண்டோட அரேஞ்சர்கள் பல உருவான இத்தாலி தொழிற்சாலையை 2013-ல மூடிட்டாங்க. ஸ்டைலையெல்லாம் அந்தப் பெட்டிகள்ல சேர்த்து வெச்சவங்க, கட்சி மாற விருப்பம் இல்லாமயே மாற வேண்டியதாச்சு. நாம மாறலைன்னாலும் ஒரு நாள் மாத்தி விட்டுடுவாங்க. அன்னிக்குக் கையில தாள் இருக்கணும்.

அதனால பெட்டி வாங்கப் போறவங்க யாராவது எங்கிட்ட 'யமஹாவா கோர்க்கா'ன்னு கேட்டா, நான் இப்போ பதில் சொல்றதில்லை. திருப்பிக் கேட்கிறேன்: நீ செய்யப் போறதை வெளிய எடுக்க அந்தப் பெட்டியில வழி இருக்கா? மிடியா எடுக்க முடியுமா? பிறகு மூணு பழக்கம் சொல்றேன். ஸ்டைல் செஞ்ச அன்னிக்கே அதை சாதா மிடியாவும் ஒரு பிரதி எடுத்து வெச்சிடு. பெட்டி சத்தத்துலயே நிறுத்தி நிதானமா ஒரு ஆடியோ பதிவு வை, நாளைக்கு எந்த ஒலி எந்த இடத்துல வரணும்னு அதுதான் சாட்சி சொல்லும். தாளச் சொல்லை, உனக்குப் புரியற பாஷையில, நோட்டுல எழுதி வை. யார்கிட்ட கத்துக்கிட்டதுன்னு பேரையும் அதுல எழுது. பெட்டியில பேர் எழுத இடம் கொஞ்சம்தான் இருக்கும், நோட்டுல நிறைய இருக்கு.

பம்பைக்காரர் கேட்ட கேள்விக்கு எங்கிட்ட முழுப் பதில் இல்லை. பெட்டி நிறைய பேரை வெளிய அனுப்பியிருக்கு, அது உண்மை. ஆனா ஒண்ணு பார்த்தேன். ஆடி வெள்ளி ராத்திரி எங்க கச்சேரி எவ்வளவு சத்தமா நடந்தாலும், சாமி அழைக்கிற நேரத்துல ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிடறாங்க. பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு மட்டும்தான். பெட்டிக்குச் சாமி வராது. வரவும் கூடாதுன்னு நினைக்கிறேன்.

போன ஆடியில அந்த நடையைப் புதுப் பெட்டியில முதல் தடவை வாசிச்சேன். எனக்குக் கிட் கட்ட பம்பை அடிச்சுக் கொடுத்த தம்பி, மேடைக்குக் கீழே நின்னு கேட்டுக்கிட்டிருந்தான். பாட்டு முடிஞ்சதும் மேல ஏறி வந்து, "அண்ணே, ஒலி என்னுது. ஆனா அடி என்னுது இல்ல. நான் மூணாவதை இவ்ளோ இழுக்க மாட்டேன். யாருண்ணே இது?"ன்னான்.

பேரைச் சொன்னேன். அவன் அப்பாவுக்கு அவரைத் தெரியுமாம்.

பி.கு: அந்தப் பதினொண்ணையும் மிடியா, நோட்டுப் பக்கங்களோட படமா, இலவசமா போட்டு வைக்கிறதா இருக்கேன். மாஸ்டர்கிட்டயும், பம்பைக்காரரோட வீட்லயும் கேட்டாச்சு, சரின்னுட்டாங்க. உங்க ஊர்ல தவில், உறுமி, கொம்புன்னு இந்த மாதிரி ஏதாவது பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தா சொல்லுங்க. ஸ்கிரிப்ட் கைவசம் இருக்கு. எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்லை :-)